மேற்கோளும் மின்னூலகமும்: சிவஞானபோத மூலம் பற்றிய ஒரு நோக்கு

பின்னெழுந்த ஆசிரியர் முன்னோர் நூல்களை எடுத்தாண்ட முறையை ஆராய்தல் சமய இலக்கிய வரலாற்றின் அடிப்படைப் பணிகளுள் ஒன்றாகும். சைவ சித்தாந்த மரபில் மேற்கோள் வெறும் அணியன்று, அது பிரமாணம். ஆகமத்தின் பெயரால் ஒரு கருத்து நிறுவப்படுமிடத்து, அது அவ்வாகமத்தில் உண்மையாகவே உளதா என்னும் வினா எழுவது இயல்பே.

13ஆம் நூற்றாண்டினரான மெய்கண்டாரின் சிவஞானபோதம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். அதன் 12 சூத்திரங்களுக்கு நிகரான 12 சூத்திரங்கள் வடமொழியிலும் வழங்குகின்றன. அவை ரௌரவாகமத்தின் ஒரு பகுதி என்றும், தமிழ்நூல் அவற்றின் மொழிபெயர்ப்பு என்றும் மரபு கூறும். 18ஆம் நூற்றாண்டில் திராவிட மாபாடியம் இயற்றிய சிவஞான முனிவரும் இக்கொள்கையினரே. அவர்பால் வைத்த மதிப்பினாற் பின்வந்தோர் பலர் அதனை வழிமொழிந்தனர். 20ஆம் நூற்றாண்டிலோ தமிழே முதனூல் என வாதிட்டோரும் உளர்.

புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தின் வெளியீடாக என். ஆர். பட் பதிப்பித்த ரௌரவாகமத்தின் முதற்பாகம் 1961இல் வெளிவந்தது. அச்சூத்திரங்கள் அப்பதிப்பிற் காணப்படவில்லை. புதுச்சேரியிலுள்ள சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. அந்நிறுவனத்து ஆகமப் படிகள் பல முக்தபோத மின்னூலகத்தில் இன்று தேடத்தக்க வடிவில் உள்ளன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005இல் ஈழத்து நூல்களுக்கெனத் தொடங்கிய நூலகமும் தமிழ்ப் பக்கத்தை எளிதாக்கியுள்ளன. முன்னர் ஆண்டுக்கணக்கிற் செய்யவேண்டியிருந்த ஒப்பீட்டைச் சில நாள்களிற் செய்தல் இன்று கூடும்.

எனினும் மூன்று எச்சரிக்கைகள் வேண்டற்பாலன. முதலாவது, கணினி எழுத்துகளையே தேடும், கருத்தையன்று. உரையாசிரியர் பெரும்பாலும் நூலும் இயலும் சுட்டாது எடுத்தாளுவர். சந்தி பிரித்த பாடமும் பிரியாத பாடமும் தேடலில் வேறுவேறாகும். இரண்டாவது, எண்ணிக்கை சான்றாகாது. ஒருவரைப் பின்பற்றிப் பதின்மர் கூறினும் சாட்சி ஒன்றே. ஆதலின் மேற்கோள்களைக் கால அடைவில் நிறுத்தி, எவர் எவரைச் சார்ந்தார் எனத் துணிதல் வேண்டும். மூன்றாவது, கிடைத்த படிகளில் இன்மை, என்றுமே இருந்திலாமைக்குச் சான்றாகாது. ஆகமங்கள் பல சிதைந்தே நமக்கு எய்தியுள்ளன.

இவற்றை மனங்கொண்டு நோக்குமிடத்து, முனிவர் கூற்றுப் பொய்யெனத் தள்ளத்தக்கதன்று. ஆயின் அது அவர் கால மரபுக்குச் சான்றேயன்றி 13ஆம் நூற்றாண்டுக்குச் சான்றாகாது. நிறுவும் பொறுப்பு மொழிபெயர்ப்பெனக் கூறுவோரையே சாரும். மெய்கண்டாரின் பெருமையோ இவ்வழக்கின் தீர்ப்பை எதிர்நோக்கி நிற்பதன்று. சூத்திரங்களைக் கூறிட்டு விளக்கும் அவருடைய வார்த்திகமும், அதனைத் தொடரும் எடுத்துக்காட்டு வெண்பாக்களும் அவ்வடமொழிச் சூத்திரங்களில் இல்லாதன. மூலம் எதுவென்னும் பூசலில் இப்பகுதிகள் உரிய கவனம் பெறாது போயின. மேற்கோளைத் தேடும் ஆய்வு, மேற்கோளாகாத இத்தனிச் சிந்தனையை இனங்காட்டுமாயின் அதுவே அதன் தலையாய பயனாகும்.