வித்தைக்குக் கொடுத்த உடல்

2006இல் இரண்டு மாத இடைவெளியில் மேடை வித்தைக்காரர்களைப் பற்றி இரண்டு ஹாலிவுட் படங்கள் வந்தன. ஆகஸ்டில் நீல் பர்கரின் ‘தி இல்லூஷனிஸ்ட்’, அக்டோபரில் கிறிஸ்டோபர் நோலனின் ‘தி பிரஸ்டீஜ்’. முன்னது 1900ஐ ஒட்டிய வியன்னாவில் நடக்கிறது, பின்னது அதே காலத்து லண்டனில். இரண்டுக்கும் வித்தை ஆலோசகர் ரிக்கி ஜே. ஒளிப்பதிவுக்கான ஆஸ்கர் பரிந்துரையும் இரண்டுக்கும் கிடைத்தது.

சினிமாவில் வித்தை காட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு. மேடையில் ஒரு பெண் மறைந்தால் திகைத்துப்போகிறோம். திரையில் மறைந்தால் ‘கட்’ என்று தெரிந்துவிடும். வித்தைக்காரராக இருந்து படமெடுக்க வந்த ஜார்ஜ் மெலியே 1896இலேயே கேமராவை நிறுத்தி ஒரு பெண்ணை மறையவைத்தார். அவர் விலைக்கு வாங்கி நடத்தியது, வித்தைக்காரர் ராபெர்-ஊதெனின் பெயர் தாங்கிய பாரிஸ் அரங்கு. அந்த ராபெர்-ஊதெனின் புகழ்பெற்ற ஆரஞ்சு மரத்தைத்தான் ‘இல்லூஷனிஸ்ட்’டில் ஐசன்ஹைம் என்ற வித்தைக்காரனாக வரும் எட்வர்ட் நார்ட்டன் வளர்க்கிறார். மண்ணில் விதை விழுகிறது. கண்முன்னே மரம் எழுந்து காய்க்கிறது. இரண்டு பட்டாம்பூச்சிகள் கைக்குட்டையைத் தூக்கி வருகின்றன. ராபெர்-ஊதெனின் மரத்துக்குள் இருந்தது நுட்பமான இயந்திரம். பர்கரின் மரம் கிராஃபிக்ஸ், அது பார்த்தவுடன் தெரிகிறது. பிறகு மேடைக்கு ஆவிகள் வரும்போது படத்துக்குள் இருக்கும் பார்வையாளர்கள் நடுங்குகிறார்கள். நமக்கு ஒன்றும் ஆவதில்லை.

நோலன் இந்தச் சிக்கலைச் சுற்றிக்கொண்டு போகிறார். வித்தை யார் தலையில் விடிகிறது என்பதே அவர் அக்கறை. கூண்டோடு பறவை மறையும் காட்சியைப் பாருங்கள். அரங்கமே கைதட்டுகிறது, ஒரு சிறுவன் மட்டும் அழுகிறான். பறவை உயிரோடுதான் இருக்கிறது என்று வித்தைக்காரன் போர்டன் கொண்டுவந்து காட்டுகிறான். இதன் சகோதரன் எங்கே என்று கேட்கிறான் பையன். நசுங்கிச் செத்த பறவை மேடைக்குப் பின்னால் கிடக்கிறது. போர்டன் என்பதே ஒரே வாழ்க்கையைப் பங்குபோட்டு வாழும் இரட்டையர்கள் என்ற ரகசியம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. ஒருவனுக்கு இரண்டு விரல் போனதும் மற்றவனும் தன் விரல்களை வெட்டிக்கொள்ள வேண்டும். வித்தைக்காக வாழ்க்கையையே இப்படிக் கொடுப்பது மிகையில்லை. படத்தில் சற்று நேரம் வந்துபோகும் சங் லிங் சூ நிஜ மனிதர். வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர், சீனராகவே வேடமிட்டு வாழ்ந்தவர். 1918இல் லண்டன் மேடையில் துப்பாக்கிக் குண்டைப் பிடிக்கும் வித்தையின்போது குண்டு பாய்ந்து மறுநாள் இறந்தார்.

டேவிட் போவி நடித்த டெஸ்லா உருவாக்கும் இயந்திரம் நிஜமாகவே மனிதனை நகலெடுப்பது போங்காட்டம் என்று குறைசொல்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. இயந்திரம் வேலைசெய்வதால்தான் போர்டனின் போட்டியாளன் ஏஞ்சியர் ஒவ்வோர் இரவும் தண்ணீர்த் தொட்டியில் மூழ்கிச் சாக வேண்டியிருக்கிறது. அறிவியல் அங்கே அவனுக்குக் குறுக்குவழி எதையும் தரவில்லை.

‘இல்லூஷனிஸ்ட்’டை நான் ஒதுக்கிவிடவில்லை. பிலிப் கிளாஸின் இசையும், ஆளும் தரப்புக்கும் மனசாட்சிக்கும் நடுவே தவிக்கும் போலீஸ் அதிகாரியாக பால் ஜியாமாட்டியும் மறுபடி பார்க்க வைக்கிறார்கள். ஆனால் ஸ்டீவன் மில்ஹவுசரின் மூலக் கதையில், கைது செய்ய வரும்போது ஐசன்ஹைம் மேடையிலேயே கரைந்துபோகிறான். ஏன், எப்படி என்ற விளக்கமே கிடையாது. படமோ பட்டத்து இளவரசனையும் காதலையும் கொலையையும் சேர்த்து, கடைசியில் ரயில் நிலையத்தில் அந்த அதிகாரியின் நினைவில் எல்லா முடிச்சையும் ஒரே நிமிடத்தில் அவிழ்த்துக் காட்டுகிறது. மில்ஹவுசர் விட்ட இடத்திலேயே பர்கரும் விட்டிருந்தால் நோலனுக்குச் சரியான போட்டி இருந்திருக்கும்.