வெட்டுண்ட கைகள்

மன்னார்க் கத்தோலிக்கரின் கூத்து மரபில் வந்த ‘ஞானசௌந்தரி நாடகம்’ 1967இல் பேராசிரியர் சு. வித்தியானந்தனின் பதிப்பாக நூலுருப் பெற்றது. துப்பறியும் கதைகள் குற்றவாளியை இறுதிவரை மறைத்து வாசகனை இழுத்துச் செல்வன. ஈண்டோ குற்றவாளி யாரென்பது தொடக்கத்திலேயே வெளிப்படை. மாற்றாந்தாயின் பொறாமை, காட்டில் வெட்டப்படும் இளவரசியின் கைகள், பின்னர்க் கணவனின் பெயரால் புனையப்படும் பொய்க்கடிதம் எனக் கொடுமைக்குக் குறைவில்லை. ஆயினும் கதை குருதியில் சுவை காணவில்லை. துன்புறுவோள் பக்கமே நிற்கின்றது. அதன் கண்ணியம் அதுவேயாகும்.

வலையிழுத்து வாழும் கரையோர மக்களுக்குக் கையிழப்பு வாழ்விழப்பு என்பதை எவரும் விளக்க வேண்டுவதில்லை. அன்னை மரியாள் இளவரசியின் கைகளை மீட்டருளுகின்றாள். ஆனால் அரண்மனை ஆணைக்குப் பணிந்து அக்கைகளை வெட்டிய ஏவலாளரை அவ்வடிமைத்தனத்தினின்று மீட்பவர் யார்? கதை விடாத அவ்வினாவை நாம் விடுத்தாக வேண்டும்.