கட்டியம் கூறாத காஃப்கா

காஃப்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை தானாகப் போய் எடுக்கும் ஒரு வினைச்சொல் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ப்ரீஃபிகர்’. தமிழில் ‘கட்டியம் கூறியது’, ‘முன்னுணர்த்தியது’. ‘விசாரணை’ நாவல் நாஜி அரசுக்குக் கட்டியம் கூறியதுன்னு எழுதிவிட்டால் கட்டுரைக்கு ஒரு கனம் வந்துவிடும். ஜார்ஜ் ஸ்டைனர் மாதிரி பெரிய விமர்சகர்களே காஃப்காவைத் தீர்க்கதரிசியாக வாசித்திருக்கிறார்கள். எனக்கு இந்தச் சொல்லோடு ஒரு தகராறு உண்டு.

லத்தீனில் ‘முன்’, ‘உருவம்’ இரண்டும் சேர்ந்து உண்டான சொல் அது. கிறிஸ்தவ இறையியலில் அதற்குத் துல்லியமான வேலை இருந்தது. மீனின் வயிற்றில் மூன்று நாள் கிடந்த யோனா, கல்லறையிலிருந்து எழப்போகும் இயேசுவின் முன்னுருவம். எரிக் அவுர்பாக் 1938இல் எழுதிய ‘ஃபிகுரா’ கட்டுரை இந்த வாசிப்பு முறையைத்தான் விளக்குகிறது. இந்த வாசிப்பில் இரண்டு சம்பவங்களுமே நிஜமாக நடந்தவை. இரண்டையும் இணைப்பது கடவுளின் திட்டம். அதாவது, கதை முழுசும் தெரிந்த ஒருவர் பின்னால் இருந்தால்தான் இந்த வினைச்சொல் வேலை செய்யும்.

நம்ம ‘கட்டிய’மும் அப்படித்தான். கூத்தில் ராஜா வருகிறார் என்று கட்டியங்காரன் சொல்லும்போது, வேஷம் கட்டிய ராஜா ஏற்கெனவே திரைக்குப் பின்னால் தயாராக இருக்கிறார். நாவலுக்கும் இது பொருந்தும். ‘அன்னா கரீனினா’வின் தொடக்கத்தில் ரயிலில் அடிபட்டு ஒரு காவலாளி சாகிறான். அன்னாவுக்கு அது கெட்ட சகுனமாகப் படுகிறது. அவளுடைய முடிவு டால்ஸ்டாய் கையில் இருப்பதால் அங்கே அந்தச் சொல் நியாயமானது.

வரலாற்றில் திரைக்குப் பின்னால் யார் இருக்கிறார்? கைதியின் உடம்பில் தண்டனையைக் குத்தி எழுதும் இயந்திரத்தைப் பற்றி 1914இல் காஃப்கா எழுதியபோது ஆஷ்விட்ஸ் எங்கேயும் காத்துக்கொண்டிருக்கவில்லை. 1924இல் அவர் இறந்தபோதும் இல்லை.

சர்வர் விழுந்த மறுநாள் மீட்டிங்கில் உட்கார்ந்தவர்களுக்கு இது பழகிய விஷயம். யாராவது ஒருத்தர் லாகைத் திறந்து, “பாருங்க, மூணு நாள் முன்னாடியே வார்னிங் வந்திருக்கு” என்பார். எதுவும் விழாத நாட்களிலும் அதே வார்னிங் வந்துகொண்டுதான் இருந்திருக்கும். அதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அடுத்த கேள்வி, “ஏன் யாரும் கவனிக்கல?” அந்தக் கேள்வி ஒரு ஆள்மேல் போய் விழும்.

இலக்கியத்தில் அது யார்மேல் விழுகிறது? காஃப்காவுக்கு மூன்று தங்கைகள். எல்லியும் வல்லியும் 1941இல் வோட்ஜ் கெட்டோவுக்கு அனுப்பப்பட்டார்கள். கடைசித் தங்கை ஓட்லா, 1943இல் ஒரு குழந்தைகள் கூட்டத்துக்குத் துணையாகப் போய் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். அண்ணன் எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிவைத்தார் என்று நாம் சொன்னால், தங்கைகள் அதைப் படித்தும் புரிந்துகொள்ளாதவர்கள் ஆகிறார்கள். மைக்கேல் ஆந்த்ரே பெர்ன்ஸ்டீன் 1994இல் ‘ஃபோர்கான் கன்க்ளூஷன்ஸ்’ என்ற நூலில் இந்தப் பழக்கத்தைத்தான் கண்டிக்கிறார். முடிவு தெரிந்த நாம், தெரியாமல் வாழ்ந்தவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறோம்.

காஃப்காவுக்கும் இதில் நஷ்டம்தான். ப்ராக் நகரில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு அலுவலகத்தில் 1908 முதல் 1922 வரை வேலை பார்த்தவர் அவர். மரம் இழைக்கும் இயந்திரங்கள் தொழிலாளிகளின் விரல்களை எப்படித் துண்டிக்கின்றன என்று அறிக்கை எழுதியவர். இயந்திரம், ஃபைல், மனு, காத்திருப்பு எல்லாம் அவர் தினமும் பார்த்தவை. தீர்க்கதரிசி பட்டம் கொடுத்ததும் நம் கண் 1940களுக்குத் தாவிவிடுகிறது. அவர் மேஜைமேல் இருந்தது மறைந்துபோகிறது.

அந்த வினைச்சொல்லையே தூக்கி எறியணும்னு சொல்லவில்லை. எழுதும்போது ஒரு கேள்வி போதும்: இந்த வாக்கியத்தில் முடிவு யாருக்குத் தெரியும்? எழுத்தாளனுக்குத் தெரியும் என்றால் தாராளமாகக் கட்டியம் கூறட்டும். நமக்கு மட்டும்தான் தெரியும் என்றால், ‘இன்று படிக்கும்போது எனக்கு அது நினைவுக்கு வருகிறது’ என்று எழுதலாம். கனம் குறையும்தான். ஆனால் ஓட்லாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய வாக்கியமாக இருக்கும்.