பழைய பதிப்பும் புதிய பதிப்பும்

மோட்டார் வண்டியைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல உனக்கு என்ன யோக்கியதை என்று வாசகர் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். எனக்கு வண்டி ஓட்டத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஆனால், அச்சுக் கோக்கத் தெரியாமலே புத்தகங்களைப் பற்றி முப்பது வருஷமாக நான் அபிப்பிராயம் சொல்லி வந்திருக்கிறேன். யாரும் ஆட்சேபித்ததில்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

2023-ஆம் வருஷம் மே மாதம், ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில், என் அண்ணன் மகன் வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். அவன் அங்கே எஞ்சினியர். பத்து வயதில் ஒரு காலண்டர் படத்தைப் பார்த்ததிலிருந்து அவனுக்கு ஒரே ஓர் ஆசை: போர்ஷே 911 வாங்க வேண்டும். புதிது வாங்குவது அவன் சம்பளத்துக்கு நடக்கிற காரியமில்லை. பழையதாகத்தான் வாங்க வேண்டும். பழையதிலும் எந்தப் பழையது என்பதில்தான் வீட்டில் சண்டை.

வண்டிப் பித்தர்கள் 911-இன் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஓர் எண் வைத்திருக்கிறார்கள். 1993-இல் அறிமுகமாகி 1998 வரை தயாரானது 993. 1997-இல் அறிமுகமானது 996. முன்னதன் எஞ்சின் காற்றால் குளிர்வது. பின்னது தண்ணீரால் குளிர்வது. 993-தான் கடைசியான நிஜ 911 என்பது பித்தர்களின் ஏகோபித்த தீர்ப்பு. விலையும் அதையே சொல்லிற்று. நல்ல நிலையிலுள்ள ஒரு 993-க்குக் கொடுக்கும் பணத்தில் இரண்டு 996 வாங்கிவிடலாம். மூன்றாவதற்கு முன்பணமும் மிஞ்சும். என் அண்ணன் மகனிடம் ஒரு 996-க்கான பணம் இருந்தது. 993 வேண்டுமென்றால், சொந்த வீட்டுக்கென்று ஆறு வருஷமாகப் புருஷனும் மனைவியும் சேர்த்து வைத்திருந்ததில் கை வைக்க வேண்டும்.

"மாமா, நீங்களாவது சொல்லுங்கள்" என்றாள் அவன் மனைவி.

"சித்தப்பாவுக்குத் தெரியும். அவர் ரசனை உள்ளவர்" என்றான் அவன்.

ரசனை உள்ளவர் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், நான் மறு பேச்சில்லாமல் அவர்கள் கட்சியில் சேர்ந்துவிடுவேன். அன்று ராத்திரி, "பழையதே வாங்கு" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன். தூக்கம் வரவில்லை. வண்டியைப் பார்க்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டேனே என்று உறுத்திற்று. படிக்காமலே புத்தகத்துக்கு மதிப்புரை எழுதுகிறவர்களை நான் எத்தனை தடவை வைதிருக்கிறேன்!

மறுநாளிலிருந்து விஷயத்தைப் படிக்க ஆரம்பித்தேன்.

முதல் 911, 1963-இல் பிராங்பர்ட் கண்காட்சிக்கு வந்தபோது அதற்கு 901 என்று பெயர். நடுவில் பூஜ்யம் வரும் மூன்றிலக்க எண்கள் தங்களுக்கே உரியவை என்று பிரான்ஸ் தேசத்துப் பெஜோ கம்பெனி ஆட்சேபிக்கவே, 911 ஆயிற்று. எஞ்சின் பின்னால், அதுவும் பின் சக்கரங்களுக்கும் பின்னால். ரேடியேட்டர் கிடையாது. புல்லட் மோட்டார் சைக்கிளின் எஞ்சினில் வரிவரியாகத் தகடுகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே ஏற்பாடுதான். தகடுகளின் மேல் ஒரு பெரிய விசிறி காற்றை வாரி இறைக்கிறது. மிச்சச் சூட்டை எண்ணெய் வாங்கிக்கொள்கிறது.

இந்த அடிப்படையை மாற்றாமல் முப்பத்தைந்து வருஷம் ஓட்டினார்கள் என்பதுதான் ஆச்சரியம். 993-இல்கூடக் கூரையும் நேராக நிற்கும் முன் கண்ணாடியும் பழைய அச்சையே பெரும்பாலும் ஒட்டியவை. பெடல்கள் தரையிலிருந்து முளைத்திருக்கும். இவற்றை வைத்துக்கொண்டே, வாலை ஆட்டி ஓட்டுகிறவனைக் கவிழ்க்கும் பழைய துர்க்குணத்தைப் புதிய பின் சஸ்பென்ஷனால் 993-இல் அடக்கிவிட்டார்கள். ஒரே நாவலை முப்பத்தைந்து வருஷம் திருத்தித் திருத்தி எழுதியவனுடைய கடைசிப் பிரதி அது. பிசிறு இல்லாமல் இருப்பதில் என்ன அதிசயம்?

பிறகு ஏன் விட்டார்கள்? வேறு வழியில்லை. புகைக்கும் சத்தத்துக்கும் சட்டங்கள் கடுமையாகிக்கொண்டே வந்தன. அவற்றுக்கு ஈடு கொடுத்துச் சக்தியையும் கூட்ட வேண்டுமானால் சிலிண்டருக்கு நான்கு வால்வு வேண்டும். அத்தனை நெருக்கத்தில் கிளம்பும் சூட்டைக் காற்றால் ஆற்றி முடியாது. கஜானாவும் வறண்டிருந்தது. 1980-களின் நடுவில் வருஷத்துக்கு 50 ஆயிரம் வண்டிகளுக்கு மேல் விற்ற கம்பெனி, 1990-களின் தொடக்கத்தில் 20 ஆயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. தலைமைக்கு வந்த வெண்டலின் வீடகிங் ஜப்பானிய நிபுணர்களை வரவழைத்துத் தொழிற்சாலையைத் தலைகீழாக மாற்றினார். விலை குறைந்த பாக்ஸ்டர் வண்டிக்கும் புதிய 911-க்கும் ஒரே மூக்கு, ஒரே கதவு, ஒரே விளக்கு என்று வைத்துச் செலவைக் குறைத்தார்கள். அப்படிப் பிறந்தது 996.

பித்தர்கள் கொதித்துப் போனார்கள். விளக்கைப் பார்த்தால் மஞ்சள் கரு உடைந்து வழிந்த முட்டை தோசை மாதிரி இருக்கிறது என்றார்கள். பார்த்தேன், இருக்கத்தான் இருக்கிறது. உள்ளே மலிவான பிளாஸ்டிக் என்றார்கள். அதுவும் உண்மை. எஞ்சினுக்குள் இடைத் தண்டு ஒன்றைத் தாங்கும் பேரிங் சில வண்டிகளில் பொடிந்து எஞ்சினையே பலி வாங்கிற்று. அமெரிக்காவில் இது வழக்காகி, 2013-இல் சமரசம் ஆயிற்று. கெட்டது சிறு பகுதிதான் என்றாலும் கெட்ட பெயர் எல்லா வண்டிகளின் தலையிலும் விழுந்தது.

சரி, எண்கள் என்ன சொல்கின்றன? 993 எஞ்சின் 3.6 லிட்டர், ஆரம்பத்தில் 272 குதிரைச் சக்தி, பிறகு 285. 996 எஞ்சின் 3.4 லிட்டர்தான், 300 குதிரைச் சக்தி. வண்டி பதினெட்டு சென்டிமீட்டர் நீளமாகியும் எடை 1,370 கிலோவிலிருந்து 1,320-ஆகக் குறைந்திருக்கிறது. 993 விற்றது 68 ஆயிரத்துச் சொச்சம். 996 விற்றது 1,75,000-க்கும் மேல். இன்று 993-ஐக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் தூற்றும் வண்டிதான் அந்தக் கம்பெனியின் வீட்டில் மறுபடி அடுப்பு எரிய வைத்தது.

இதில் இன்னொரு வேடிக்கை. 1989-இல் 964 என்ற தலைமுறை வந்தபோதும் இதே கூச்சல்தான். பவர் ஸ்டியரிங் வந்துவிட்டது, பழைய டார்ஷன் பார் போய் ஸ்பிரிங் வந்துவிட்டது, 911 செத்தது என்றார்கள். பல வருஷம் அது கேட்பாரற்றுக் கிடந்தது. இப்போது அதன் விலை விண்ணில் நிற்கிறது. வண்டி மாறவில்லை, வைதவர்களுக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான். விலை என்பது விமரிசனம் அல்ல என்று அப்போதே குறித்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை இரண்டு வண்டிகளையும் பார்க்கப் போனோம்.

993-இன் சொந்தக்காரர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். நகரத்துக்கு வெளியே வீடு. கொட்டகையில், மெத்தென்ற துணிக்கு அடியில் வண்டி உறங்கிற்று. துணியை அவர் விலக்கிய விதத்தைப் பார்த்து நான் செருப்பைக் கழற்றிவிட்டேன். உட்கார்ந்து கதவைச் சாத்தியபோது, பழைய இரும்புப் பெட்டி பூட்டிக்கொள்வதுபோல் 'டக்' என்று ஒரு சத்தம். எஞ்சின் கிளம்பியதும் முதுகுக்குப் பின்னால் விசிறியின் ஊளையும் உலோகங்கள் உரசும் கரகரப்பும் சேர்ந்து எழுந்தன. சாலையின் ஒவ்வொரு பள்ளமும் ஸ்டியரிங் வழியாகப் பையன் கைக்கு வருவது அவன் முகத்தில் தெரிந்தது. கச்சிதமான வண்டி, பேசிக்கொண்டே வரும் வண்டி. பித்தர்கள் பொய் சொல்லவில்லை. அதில் இருந்தது 996-இல் இல்லை என்பதை நான் மறைக்கப் போவதில்லை.

ஆனால் கிழவர் பின்னாலேயே தம் வேறு காரில் வந்தார். பத்துக் கிலோமீட்டர் போவதற்குள் வானம் கறுத்தது. விளக்கைச் சிமிட்டித் திரும்பச் சொல்லிவிட்டார். முன் கண்ணாடி ஓரத்தில் துருப் பிடிக்குமாம். போன வருஷம் எவ்வளவு ஓட்டினீர்கள் என்று கேட்டான் என் அண்ணன் மகன். "நானூறு கிலோமீட்டர் இருக்கும்" என்றார் அவர். "அதிகம் ஓட்டினால் விலை குறைந்துவிடும்." சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை இல்லை, நகையைப் பாங்க் பெட்டகத்தில் வைத்துவிட்டுக் கல்யாணத்துக்கு வெறுங்கழுத்தோடு போகிறவர்களின் முகம் இருந்தது.

996-இன் சொந்தக்காரி ஒரு பெண் டாக்டர். 1999-ஆம் வருஷத்து வெள்ளி நிற வண்டி. 1,80,000 கிலோமீட்டர் ஓடியது. ஆஸ்பத்திரி வாசலில் மழையில் நனைந்துகொண்டு நின்றது. ஆசனத் தோல் ஒரு பக்கம் வெளுத்திருந்தது. பேரிங்கை மாற்றிய ரசீது முதல் துடைப்பான் மாற்றிய ரசீது வரை தடித்த கோப்பாக வைத்திருந்தாள். ஆல்ப்ஸ் மலையைப் பதினோரு தடவை தாண்டியிருக்கிறாளாம். முதுகு வலியால் விற்கிறாள். சாவியைக் கொடுத்துவிட்டு, "எனக்கு டியூட்டி இருக்கிறது, ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள்" என்று உள்ளே போய்விட்டாள்.

ஓட்டினோம். விளக்கு உள்ளே இருப்பவனுக்குத் தெரியாது என்பது முதல் சௌகரியம். சத்தம் அடங்கித்தான் இருந்தது. ஆனால் நாலாயிரம் சுற்றைத் தாண்டியதும் அதற்கும் ஒரு குரல் வந்தது. பழையதுபோல் ஓயாமல் பேசவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லிற்று. ஈரச் சாலையில் வளைவுக்கு மேல் வளைவாகப் போனோம். ஒரு மணி நேரம் என்றது ஒன்றே முக்கால் மணி ஆயிற்று. அவன் சிரித்துக்கொண்டே ஓட்டினான். 993-இல் அவன் சிரிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அதில் அவன் வாயை இறுக மூடிக்கொண்டு, கோயில் பிராகாரத்தில் நடப்பதுபோல் ஓட்டினான்.

இந்த இடத்தில் என் சொந்த விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கே போனாலும், "உங்கள் முதல் நாவல் மாதிரி வராது, சார்" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். முதல் நாவலுக்குப் பிறகு ஏழு எழுதியிருக்கிறேன். முதலாவதில் தெரியாமல் செய்ததைப் பின்னவற்றில் தெரிந்து செய்ய முயன்றேன். சில இடங்களில் தோற்றேன். சில இடங்களில் முதலாவதால் கனவு காணவும் முடியாததைத் தொட்டேன் என்பது என் எண்ணம். ஒரு முறை ஓர் அன்பர் வீட்டில் அந்த முதல் நாவலின் முதல் பதிப்பை எடுத்துக் காட்டினார். பிளாஸ்டிக் உறை போட்டு, கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தார். "கடைசியாக எப்போது படித்தீர்கள்?" என்றேன். "படிப்பதா! தாள் ஒடிந்துவிடுமே" என்றார். சந்தோஷப்படுவதா, அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. கொட்டகையில் துணி போர்த்திய வண்டியைப் பார்த்தபோது அந்த அலமாரிதான் கண்ணில் நின்றது.

ஆகவே என் தீர்ப்பு இது. செய்நேர்த்தியை மட்டும் வைத்துப் பார்த்தால் 993 உயர்ந்த சிருஷ்டி, சந்தேகமில்லை. ஆனால் அதன் புகழே அதைத் தின்றுவிட்டது. ஓட்டுவதற்காகவே பிறந்த ஒரு பொருளை ஓட்ட முடியாதபடி விலை ஏறிவிட்டால், அதில் பாதிக்கு மேல் ஏற்கனவே போய்விட்டது. 996 குறையுள்ள பதிப்பு. புதிய நாவலின் முதல் அத்தியாயம்போல் அங்கங்கே தடுமாறுகிறது. ஆனால் அதை இன்னும் வாசிக்கலாம். பக்கத்தில் காப்பி வைத்துக்கொண்டு, ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டு வாசிக்கலாம். அதைப் பழையதோடு ஒப்பிட்டே வைகிறவர்கள் அதை அதற்காகப் பார்த்ததே இல்லை.

இதனால் புதியதெல்லாம் உயர்ந்தது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வீடு நிறையப் பணமும், மழையில் எடுத்துப் போகும் துணிச்சலும் உள்ளவன் தாராளமாக 993 வாங்கலாம். அப்படிப்பட்டவன் கையில் அது இருப்பதுதான் அதற்கும் மரியாதை. வீட்டுப் பணத்தில் கை வைத்து வாங்குகிறவனுக்கு அந்தத் துணிச்சல் ஒரு நாளும் வராது. அவன் வாங்குவது வண்டியை அல்ல, காவல் உத்தியோகத்தை.

அன்று ராத்திரி இதையெல்லாம் என் அண்ணன் மகனிடம் சொன்னேன். "அன்றைக்குப் பழையதே வாங்கு என்றீர்களே, சித்தப்பா" என்றான்.

"அது முதல் பதிப்பு" என்றேன். "இது திருத்திய பதிப்பு."

அவன் மனைவி சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. காலண்டரில் இருந்தது பழைய வண்டி; பத்து வயதுப் பையனுக்கு என் வாதம் எதுவும் பதிலாகாது என்பது எனக்கும் தெரியும். இரண்டு நாள் பேசாமல் இருந்தான். மூன்றாம் நாள் டாக்டருக்கு டெலிபோன் செய்தான்.

நான் ஊருக்குத் திரும்பிய அன்று விமான நிலையத்துக்கு அந்த வெள்ளி வண்டியில்தான் போனோம். முன்னால் இருக்கும் பெட்டி அறையில் என் டிரங்கு நுழையவில்லை. பின் ஆசனம் என்ற பெயரில் இருக்கும் இரண்டு குழிகளின் மேல் அதைப் போட்டோம். மழை பெய்துகொண்டிருந்தது. யாரும் பின்னால் விளக்கைச் சிமிட்டவில்லை.