கொறடாவும் தனித்தொகுதியும்

குற்றாலத்தில் சாரல் விழுகிற மாசங்களில்தான் டில்லியில் மழைக்காலக் கூட்டத்தொடரும் நடக்கும். போன சீசனில் ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஒரு டீக்கடை. டிவியில் மக்களவை, ஒரே கூச்சல். பெரியப்பா கேட்டார்: "ஏல, எம்.பி. நம்மாளுதான? பேத்திக்குக் காலேஜ் உதவித்தொகை ரெண்டு வருசமா வரல. எந்திரிச்சிக் கேட்டா யாரு தடுக்கப் போறா?" அன்று எனக்குப் பதில் வரவில்லை.

தென்காசி தனித்தொகுதி. மக்களவையின் 543 இடங்களில் தலித்துகளுக்கு ஒதுக்கியவை 84. பாடப்புத்தகம் இத்தோடு முடித்துக்கொள்ளும். ஆனால் 1932 பூனா ஒப்பந்தத்தில் தனி வாக்காளர் தொகுதி போய்க் கூட்டுத்தொகுதி வந்தது. நிற்பவர் தலித், தேர்ந்தெடுப்பது ஊரும் சேரியும் சேர்ந்து. ஊருக்குப் பிடிக்காத சேரிக்காரன் அங்கே ஜெயிப்பது லேசில்லை. அம்பேத்கரே 1952இல் வடக்கு பம்பாயின் தனி இடத்தில் நின்று காங்கிரஸ் தலித் வேட்பாளரிடம் தோற்றார். பிறகு அவர் உள்ளே போனது மாநிலங்களவை வழியாக. அந்த அவையில் தலித்துகளுக்கு ஒதுக்கீடே கிடையாது!

சரி, ஜெயித்து உள்ளே போனவர் என்ன செய்ய முடியும்? 1985இல் பத்தாவது அட்டவணை வந்தது. கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலும், போடாமல் இருந்தாலும் பதவி போகலாம். கட்சி 15 நாளுக்குள் மன்னித்தால் தப்பலாம். பதவி போகுமா என்று தீர்ப்புச் சொல்வது சபாநாயகர். அவரும் ஒரு கட்சியின் சின்னத்தில் ஜெயித்து வந்தவர்தான். பேச்சுக்குக் கொறடா கிடையாதே என்பார்கள். விவாத நேரத்தைக் கட்சிகளின் பலத்துக்குத் தக்கபடி பங்கு வைக்கிறார்கள்; பேசுகிறவர் பெயரைக் கொடுப்பதும் கட்சி. பங்காளிகள் பாகம் பிரித்து முடித்த களத்தில் நமக்கு என்ன மிஞ்சும்? தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் நலக்குழு என்று ஒன்று உண்டு. மக்களவையிலிருந்து 20 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். அறிக்கை கொடுப்பார்கள். அதை ஏற்றே ஆக வேண்டும் என்று அரசுக்குக் கட்டாயமில்லை.

எங்கள் பக்கத்து மீனாட்சிபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தீண்டாமை இருந்த காலமெல்லாம் டில்லிக்கு அந்த ஊரின் பெயர் தெரியாது, அதுவும் தனித்தொகுதிக்குள் இருந்துகொண்டே. 1981 பிப்ரவரியில் நூற்றுக்கணக்கான தலித்துகள் இஸ்லாத்துக்கு மாறியதும் தேசத் தலைவர்களுக்கு வழி தெரிந்துவிட்டது. 2018இலும் இதே கதைதான். மார்ச் 20 அன்று உச்சநீதிமன்றம் வன்கொடுமைச் சட்டத்தின் கைது விதியை நீர்த்துப்போகச் செய்தது. ஏப்ரல் 2 பாரத் பந்தில் தலித்துகள் தெருவுக்கு வந்தார்கள், பலர் செத்தார்கள். அதற்குப் பிறகு ஆகஸ்டில்தான் இரண்டு அவைகளும் சட்டத்தைத் திருத்தின. 84 பேர் உள்ளே உட்கார்ந்திருந்தும் அவையை அசைத்தது தெருதான்.

அதற்காக அந்த நாற்காலியே வேண்டாம் என்று சொல்கிறவர்களோடு நான் இல்லை. கட்டடத்தில் சில ஓட்டைகள் இருக்கின்றன. வெள்ளிக்கிழமைத் தனிநபர் மசோதாவை நான் பெரிதாக எண்ணவில்லை. 1970க்குப் பிறகு ஒன்றுகூடச் சட்டமாகவில்லை. கேள்வி நேரம் வேறு மாதிரி. ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள், 230 நட்சத்திரமில்லாத கேள்விகள். முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் குலுக்கலில் விழும். விழுந்தால் அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். அது அச்சில் ஏறும், அழிக்க முடியாது. தனித்தொகுதி உறுப்பினரை நாம் மதிப்பிட வேண்டியது இதை வைத்து, கட்அவுட்டை வைத்தல்ல.

இதையெல்லாம் பெரியப்பாவிடம் சொன்னேன். கொறடா கதையில் பாதியிலேயே கொட்டாவி விட்டார். கேள்வி நேரம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப உதவித்தொகைக்கும் கேக்கலாமால?"

"மத்திய அரசுத் திட்டந்தான் பெரியப்பா, கேக்கலாம்."

"எழுதிக் குடு. நானே கொண்டுபோய்க் குடுக்கேன். கேட்டானா இல்லையான்னு அடுத்த எலக்சனுக்குள்ள தெரிஞ்சிரும்லா."

டீக்கடைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.