குவேனி கதையும் திகிற் புனைவும்
மகாவம்சத்துக் குவேனி கதையை வரலாற்றுத் திகில் நவீனமாக்க விழையும் எழுத்தாளனை முதலிற் கவர்வது, விசயனின் தோழர் 700 பேரையும் குழியில் வீழ்த்தும் இயக்கியே. அது எளிய வழி. அவ்வளவும் மூலத்திலேயே உண்டு. பின்னிகழ்வதே கொடியது. தன் இனத்தவரின் திருமண விழாவிரவில் அவர்களைக் காட்டிக்கொடுக்கிறாள். மதுரை இளவரசி வந்ததும், பிள்ளைகளோடு துரத்தப்படுகிறாள். இளவரசியின் கலம் அடைந்த மகாதித்தம் மன்னார்க் கரையின் மாதோட்டமே. அப்பாற் கிடக்கும் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி ஏறத்தாழ 30 கிலோமீற்றர். அக்கடலில் மணக்கலத்தின் பாய் தோன்றுவதைக் குவேனி கரையில் நின்று காண்பதாகத் தொடங்கினால், அச்சம் இடம் மாறிவிடும். ஹென்றி ஜயசேனவின் சிங்கள நாடகமான ‘குவேனி’ (1963) அவளைத் தலைமைப் பாத்திரமாக்கிற்று. மகாவம்சமோ, ஒற்றியென ஐயுற்ற இயக்கன் ஒருவனின் ஒரே அடியில் அவளை முடித்துவிடுகிறது.