ஒழுங்கா இரு

ஆங்கிலத்தில் ‘ஸ்லட்’ முதலில் அழுக்கானவளைக் குறித்த சொல். அதன் உரிச்சொல்லை 14ஆம் நூற்றாண்டுச் சாஸர் ஓர் ஆணின் கந்தல் உடைக்குத்தான் சொன்னார். பிறகு ஆண் கழன்றுகொண்டான். வீடு பெருக்காதவள் நடத்தை கெட்டவளானாள். 2011இல் டொரண்டோ பெண்கள் அச்சொல்லைத் தூக்கிக்கொண்டே தெருவில் இறங்கினார்கள்.

தமிழில் அப்படியில்லை என்போம். ‘ஒழுங்கு’, ‘ஒழுக்கம்’ இரண்டுக்கும் வேர் ‘ஒழுகு’தான். ‘ஒழுங்கா இரு’ என்றால் சேலையைச் சொல்கிறார்களா, நடத்தையையா?

சிவகாசிப் பட்டாசு ஆலையிலிருந்து அலுமினியப் பொடி அப்பிய கையோடு பேருந்தேறும் பெண்ணைப் பாருங்கள். உராய்ந்தால் பொறி வரும், நைலான் ஆகாது. கட்டியிருப்பது நைந்த பருத்திச் சேலை. அதே பொடியோடு நிற்கும் ஆணை ‘பாவம், வேலை முடிஞ்சு வாரான்’ என்பவர்கள் இவளிடம், ‘பொம்பள லட்சணமா வரக் கூடாதா?’ என்கிறார்கள்.